நூற்றிருபத்தேழாவது பல்

என்னால் சும்மா உட்கார முடியாது. ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது, இன்னும் பேருந்தில் ஏறினால் ஜன்னல் கம்பிகளை எண்ணுவேன். மருத்துவமனையில் காத்திருந்தால் தரையில் பதித்த கல்லை எண்ணுவேன். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். "கழுத உருண்டு பொரண்டாலும் குதிர ஆகாது, எத்தன தரம் எண்ணுனாலும் அதே கல்லுதான்" என்பாள் என் மனைவி. அவளுக்குக் காரணம் தெரியாது. ஒரே ஒருவரைத் தவிர யாருக்குமே தெரியாது என்றுதான் போன மாதம் வரை நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு காலையில், நான் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்த ராஜபாளையம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன் வந்தது. மில்களுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் இடம் அது. பேசியது நிவேதா என்ற புது இன்ஜினியர்.

"சார், பழைய லேத்தோட நூத்தி இருபத்தேழு பல் வீல் விரிசல் விட்டுருச்சு. கம்ப்யூட்டர் மெஷின்ல புதுசு வெட்டி வாங்கிட்டோம். மாட்டுறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ வந்து பாக்க முடியுமா? சுவத்துல இருக்க பல் கணக்கு சார்ட்டு உங்க கையெழுத்தாம். எங்க யாருக்கும் வெளங்கல."

வருகிறேன் என்றேன். அந்தப் பெண் விடவில்லை.

"சார், நூத்தி இருபத்தேழு எம்புட்டுப் பெரிய குடும்பத்துப் புள்ளன்னு தெரியுமா? ரெண்டு, நாலு, எட்டுன்னு ஏழு படி ஏறி, ஒண்ணக் கழிச்சா நூத்தி இருபத்தேழு. பகா எண். இதே மாதிரி பதிமூணு கோடிக்கு மேல படி ஏறி, ஒண்ணக் கழிச்சு, ஒரு பகா எண்ணக் கண்டுபிடிச்சிருக்காங்க. எழுதுனா நாலு கோடி இலக்கத்துக்கு மேல வரும். ஒரு கம்ப்யூட்டர் சொன்னத மட்டும் நம்பலயாம் சார். வேற வேற கம்ப்யூட்டர்ல, வேற வேற வழியில திரும்பத் திரும்பப் பாத்த பொறவுதான் வெளியில சொன்னாங்களாம்."

அவள் ஆசையாகத்தான் சொன்னாள். நானோ போனை வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். எத்தனை நடை என்று எண்ணவும் செய்தேன்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் பல்சக்கரம் வெட்டுகிறவன். வட்டமான இரும்பு வட்டை மெஷினில் பொருத்தி, அதன் விளிம்பில் ஒரே அளவில் பற்களை வெட்ட வேண்டும். ஐ.டி.ஐ. முடித்து வந்த என்னை முதல் இரண்டு வருடம் பிசிறு தட்டவும் எண்ணெய் போடவும் விட்டார்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் வருடம் வெங்கட்டராஜா ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பரமசிவம், நூத்தி இருபத்தேழ எதால வகுக்கலாம்?"

நான் மூன்றால் பார்த்தேன், ஏழால் பார்த்தேன். பதினொன்றால் பார்த்தேன். எதிலும் மீதி நின்றது. பதிமூன்றுக்குப் போனபோது கையை நீட்டி நிறுத்தினார்.

"பதினொண்ணோட நிறுத்திக்கோ. பதிமூணு பதிமூணு நூத்தி அறுபத்தொம்பது, தாண்டிருச்சுல்ல? அதுக்கு மேல தேடுறது வீண் வேல. இந்த நம்பர ஒடைக்க முடியாது. அதனாலதான் இதுக்கு இம்புட்டு மரியாத."

அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. எங்களோடு தமிழில்தான் பேசுவார், ஆனால் ஒரு தெலுங்குச் சொல் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது: "மள்ளீ." மறுபடியும் என்று அர்த்தம். கோபமாகச் சொல்ல மாட்டார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்தபடி, சாப்பிட வா என்று கூப்பிடுகிற குரலில் சொல்வார். அந்தக் குரலைக் கேட்டால் நாம் செய்தது அத்தனையும் வீண், முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று பொருள்.

மரியாதைக்குக் காரணம் உண்டு. எங்கள் கடைசல் மெஷினான லேத் இங்கிலாந்தில் செய்தது, அங்குலக் கணக்கில் மரை போடும். மில்களுக்கு வந்த புது மெஷின்களோ மில்லிமீட்டர் கணக்கு. ஐந்து அங்குலம் என்றால் சரியாக நூற்று இருபத்தேழு மில்லிமீட்டர். ஆகவே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற வேண்டுமானால் நடுவில் நூற்று இருபத்தேழு பல் சக்கரம் ஒன்று சுழன்றே ஆக வேண்டும். வேறு எண்ணாக இருந்தால் இரண்டு சிறிய சக்கரங்களைச் சேர்த்துச் சமாளிக்கலாம். நூறு வேண்டுமா, இருபதும் ஐந்தும் போதும். நூற்று இருபத்தேழு எதிலிருந்தும் பிறக்காது. அதையேதான் செய்ய வேண்டும்.

ஒருமுறை நான் அதற்குப் பதில் அறுபத்து மூன்று பல் சக்கரத்தைப் போட்டு ஒரு நீள ஸ்க்ரூ வெட்டினேன். கணக்கு கிட்டத்தட்ட ஒத்துப்போகும் என்று பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர் சொல்லியிருந்தார். ஃபோர்மேன் ஸ்க்ரூவை அளந்து பார்த்தார். ஒரு மீட்டர் நீளத்துக்கு இரண்டு தலைமயிர் கனம் விலகியிருந்தது.

"சார், சுமாரா சரியா இருக்கு" என்றேன்.

"சுமாரா சரின்னா நட்டுக்குப் போதும். இந்த ஸ்க்ரூ மெஷினையே இழுக்கப் போவுது. மள்ளீ."

இனி அந்தச் சக்கரத்தை வெட்டும் விதத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்ட வேண்டிய வட்டு ஒரு கருவியில் நிற்கும். கருவியின் கைப்பிடியை நாற்பது சுற்று சுற்றினால் வட்டு ஒரு சுற்று சுற்றும். கைப்பிடிக்குப் பின்னால் துளைகள் போட்ட ஒரு தட்டு இருக்கும். எத்தனை துளை தள்ளி நிறுத்துகிறோமோ அதுதான் ஒரு பல்லின் இடைவெளி. நூற்று இருபது பல் என்றால் ஒவ்வொரு பல்லுக்கும் மூன்றில் ஒரு சுற்று, சுலபம். நூற்று இருபத்தேழுக்கு எந்தத் தட்டிலும் துளை கிடையாது. அதனால் நாங்கள் ஒரு தந்திரம் செய்வோம். நூற்று இருபது என்றே வைத்துக்கொண்டு வெட்டுவோம். ஆனால் கருவியின் பக்கத்தில் சில சக்கரங்களைக் கோத்து, ஒவ்வொரு பல்லுக்கும் அந்தத் துளைத்தட்டே துளியூண்டு பின்னால் நகரும்படி செய்துவிடுவோம். அந்தத் துளிகள் எல்லாம் சேர்ந்து, சுற்று முடிவதற்குள் ஏழு பல் கூடுதலாக விழும்.

தட்டு பின்னால் நகர வேண்டுமானால் இடையில், சுழலும் திசையை மட்டும் மாற்றும் ஐட்லர் சக்கரம் இரண்டு போட வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் தட்டு முன்னால் நகரும். அப்போது ஏழு கூடாது, ஏழு குறையும். நூற்றுப் பதின்மூன்று பல் விழும்.

இதில் கொடுமை என்னவென்றால், நூற்றுப் பதின்மூன்றும் முழு எண்தானே, கடைசிப் பல் வந்து முதல் பல்லோடு அச்சாகச் சேர்ந்துவிடும். இடையில் அரைப் பல் நின்று காட்டிக்கொடுக்காது. பார்வைக்கு அழகான சக்கரம். போதாததற்கு நூற்றுப் பதின்மூன்றும் ஒரு பகா எண்தான்.

அதனாலேயே ஃபோர்மேன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சக்கரம் வெட்டி முடிந்ததும் இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். தொடங்கும் பல்லில் ஆளுக்கொரு நிறத்தில் சாக்பீஸ் கோடு போட வேண்டும். எனக்கு நீலம், என்னோடு வேலை செய்த சேவியருக்குச் சிவப்பு. வந்த எண்ணைச் சீட்டில் எழுதி, மடித்து, ஒரு பெருங்காய டப்பாவில் போட வேண்டும். ஒருவர் எண்ணை மற்றவர் கேட்கக் கூடாது. ஃபோர்மேன் இரண்டு சீட்டையும் பிரித்துப் பார்த்த பிறகே சக்கரம் வாசலைத் தாண்டும்.

சேவியர் சுந்தரபாண்டியத்துக்காரர், என்னைவிட ஆறு வயது இளையவர். ஐந்து வருடமாகத் தற்காலிகத் தொழிலாளி. அந்த வருடம் நிரந்தரம் ஆகப்போகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. கான்சாபுரத்தில் அவருக்குப் பெண் பேசி வைத்திருந்தார்கள். நிரந்தர ஆர்டர் கையில் வந்தால்தான் கல்யாணத் தேதி என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர் அந்தப் பெண்ணைப் பற்றியே பேசுவார். நாங்கள் கேலி செய்தால் காது சிவந்துபோகும்.

ஆடிப்பூரத் தேரோட்ட நாள். உள்ளூர் விடுமுறை. ஒரு மில்லின் நூற்று இருபத்தேழு பல் லேத் சக்கரம் உடைந்து, அவசரம் என்று எங்கள் இருவரை மட்டும் காலையில் வரச் சொல்லியிருந்தார்கள். ஃபோர்மேன் குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தேர் பார்க்கப் போயிருந்தார். "டப்பாவுல சீட்டப் போட்டுட்டுப் போங்க, நாளைக்கு வந்து பாக்கேன்" என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவன். விவரம் தெரிந்த நாளிலிருந்து தேர் வடத்தைத் தொடாத வருடம் இல்லை. காலை ஐந்தரைக்கே மெஷினை ஓட்டிவிட்டேன். அவசரத்தில் ஐட்லர் ஒன்றுதான் போட்டேன். முந்தின வேலைக்கு ஒன்றுதான் தேவைப்பட்டது, கை பழக்கத்தில் அப்படியே விட்டுவிட்டது. பற்களின் முனை கொஞ்சம் தட்டையாகத் தெரிந்தது. கட்டர் மழுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேலை எதிர்பார்த்ததைவிட அரை மணி நேரம் முன்னதாக முடிந்தது. பதினான்கு பல் குறைந்தால் அரை மணி மிச்சமாகாமல் என்ன செய்யும்? நானோ என் கைவேகம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கடைசிப் பல் முதல் பல்லோடு அழகாகச் சேர்ந்தது. எண்ணத் தோன்றவில்லை. சீட்டில் 127 என்று எழுதி டப்பாவில் போட்டேன்.

"சேவியரு, நீ எண்ணிச் சீட்டப் போட்டுட்டு, மில்லு வண்டி வந்தாக் குடுத்து விட்டுரு. ஃபோர்மேன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

"அவிய பாக்காமக் குடுக்கலாமாண்ணே?"

"நூத்தி இருபத்தேழுதாம்லே. நான் வெட்டுனது. தேரு நிலைக்கு வந்துரும், வாரேன்."

எண்ணைச் சொல்லக் கூடாது என்பது விதி. அதையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போனேன். தேரை இழுத்தேன், வியர்த்தேன், மோர் குடித்தேன். மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் காலை ஃபோர்மேன் டப்பாவைத் திறப்பதற்குள் அந்தச் சக்கரம் சாக்கில் கட்டித் திரும்பி வந்தது. பற்கள் தடித்திருந்ததால் சேராமல் முட்டியிருக்கிறது. அங்கிருந்தவர்கள் தளர்த்தி வைத்து ஓட்டப் பார்த்து, பக்கத்துச் சக்கரத்தின் பற்களும் உதிர்ந்து, தாங்கும் அச்சும் முறிந்துவிட்டது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. ஃபோர்மேன் சக்கரத்தை மேசையில் வைத்து இரண்டு முறை எண்ணினார். பிறகு டப்பாவைத் திறந்தார்.

என் சீட்டில் சுத்தமாக 127. சேவியர் சீட்டில் 113 என்று எழுதி, அதை அடித்து, பக்கத்தில் 127.

மேனேஜர் கேட்டபோது சேவியர் தலைகுனிந்து சொன்னார்: "எனக்கு நூத்திப் பதிமூணுதான் வந்துச்சு சார். நாந்தான் தப்பா எண்ணிட்டேன்னு நெனச்சு அடிச்சிட்டேன். தப்பு என்னோடது."

நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் ஃபோர்மேன் என்னைத் தனியே நிறுத்தினார்.

"நீ எண்ணுனியா?"

"எண்ணுனேன் சார். தப்பா வந்துருச்சு."

கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார். "தப்பா எண்ணுனவனுக்குச் சரியா நூத்தி இருபத்தேழு வந்துச்சாக்கும்?" என்றார். அவ்வளவுதான். எனக்கு அன்று செத்துப்போகலாம் போல இருந்தது.

பத்து நாளில் நிரந்தரப் பட்டியல் ஒட்டினார்கள். சேவியர் பெயர் இல்லை. நான் ஃபோர்மேன் வீட்டுக்கே போய் உண்மையைச் சொன்னேன். மேனேஜரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"பட்டியல் போயிருச்சு. இனி மாத்த மாட்டாவ. மொதல்ல சேவியர்ட்டச் சொல்லு. அதுக்கு அப்புறம் மேனேஜர்ட்ட நானும் கூட வாரேன்" என்றார்.

சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். கான்சாபுரத்துப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. சேவியர் இரண்டு வருடம் கழித்து நிரந்தரமானார், வேறு பெண்ணைக் கட்டினார், பிள்ளைகள் பெற்றார். ஃபோர்மேன் அந்த நூற்றுப் பதின்மூன்று பல் சக்கரத்தை என் மெஷினுக்கு மேலே ஆணி அடித்துத் தொங்கவிட்டார். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. ஓய்வு பெறும் வரை தினமும் அதன் கீழே நின்றுதான் வேலை செய்தேன். எண்ணும் வியாதி அப்போது பிடித்ததுதான்.

நிவேதாவிடம் பேசிய பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் அவளுக்குப் போன் போட்டு, "எண்ணுறதுக்கு ரெண்டு பேரு வேணும்மா. நான் சேவியரையும் கூட்டிக்கிட்டு வாரேன்" என்றேன்.

சேவியர் சுந்தரபாண்டியத்திலிருந்து வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். தலை முழுக்க நரை, கையில் மஞ்சள் பை. ராஜபாளையம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பஸ் ஊர் தாண்டியதும் சொல்லிவிட்டேன். அத்தனை வருடம் மென்று கொண்டிருந்தது நாலே வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

"அன்னைக்கு நான் எண்ணவே இல்ல சேவியரு. எண்ணாம எழுதுனேன். நீதான் சரியா எண்ணுன. உன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேற்கே மலை கூடவே வந்தது.

"தெரியும்ணே" என்றார்.

"என்னது?"

"வீல்ல நீலக் கோடே இல்லையேண்ணே. நான் செவப்புக் கோடு போடுறப்பவே பாத்தேன். நீங்க எண்ணலன்னு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா அடிச்ச? மேனேஜர்ட்டயும் சொல்லல?"

"நீங்க எண்ண வேண்டியதில்லன்னு நெனச்சேன். உங்க கைக்கு அம்புட்டு மதிப்பு வச்சிருந்தேன். என் கண்ணு தப்பு, உங்க கை சரின்னுட்டேன். அது என் தப்புதானண்ணே?" பிறகு மெல்லச் சொன்னார்: "நீங்க சொல்லுவியன்னு ஒரு ரெண்டு வருசம் எதிர்பாத்தேன். அது நெசம். பொறவு விட்டுட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அவர் என் முழங்காலில் கையை வைத்து, "எறங்குற எடம் வருது, எந்திரிங்க" என்றார்.

ஒர்க்‌ஷாப்பில் புதுச் சக்கரம் மேசைமேல் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் கம்ப்யூட்டர் அச்சடித்த சான்று, 127 என்று. என் பழைய மெஷினுக்கு மேலே நூற்றுப் பதின்மூன்று பல் சக்கரம் இன்னும் அதே ஆணியில் துருப்பிடித்துத் தொங்கியது. நிவேதா இரண்டு நாற்காலி போட்டாள். சாக்பீஸ் கேட்டோம். பிள்ளை எங்கேயோ ஓடி ஒரு நீலமும் ஒரு சிவப்பும் வாங்கி வந்தாள்.

நீலக் கோடு போட்டு நான் எண்ணினேன். விரலால் ஒவ்வொரு பல்லையும் தொட்டு, உதட்டை அசைத்து, மூச்சு வாங்க எண்ணினேன். நூற்று இருபத்தேழாவது பல்லைத் தொட்டபோது அடுத்த பல்லில் என் நீலக் கோடு நின்றது. எழுதி மடித்தேன். சேவியர் சிவப்புக் கோடு போட்டு, கண்ணைச் சக்கரத்தோடு ஒட்டி வைத்து எண்ணினார். எழுதி மடித்தார். டப்பாவுக்குப் பதில் நிவேதா உள்ளங்கையை நீட்டினாள்.

பிரித்தாள். என்னுடையது 127. அவருடையது 126.

"சார், மெஷின் ரிப்போர்ட்லயும் நூத்தி இருபத்தேழுதான் சார்" என்று தயங்கினாள்.

நான் சேவியர் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. சேவியர் என்னை நேராகப் பார்த்தார்.

"எனக்கு நூத்தி இருபத்தாறுதாண்ணே வந்துச்சு" என்றார். "மள்ளீ."

கோடுகளை அழித்துவிட்டு இருவரும் முதலிலிருந்து எண்ணினோம். இரண்டாம் முறை இருவருக்கும் நூற்று இருபத்தேழுதான் வந்தது. கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருக்கிறது என்று சிரித்தார் சேவியர். சக்கரத்தை மாட்டினார்கள், சத்தமில்லாமல் ஓடியது. சரியான சீட்டுகளை நிவேதா ஃபைலில் வைத்துக்கொண்டாள். அந்த 126-ஐ மட்டும் நான் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திரும்பி வருகையில் பஸ் ஜன்னலில் எத்தனை கம்பி இருந்தது என்று எனக்குத் தெரியாது.